முப்புரம் எரியாமல் இருந்திருந்தால்...

(கம்பத்தில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



விண்வெளியில் வாழ்ந்த ஒரு நாகரிகத்தைப் பற்றி இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். நடந்த கதை இல்லை, புனைந்த கதை. அந்த நாகரிகம் எரிந்து சாம்பலானது என்று ஆயிரம் வருஷத்துக்கு மேலாக நமக்குச் சொல்லிவருகிறார்கள். எரியாமல் இருந்திருந்தால் அது எங்கே போய்ச் சேர்ந்திருக்கும்? இதுதான் என் கேள்வி. பஞ்சமி நிலப் பிரச்சினை கிடக்கு, கூலிப் பிரச்சினை கிடக்கு, இப்ப எதுக்கு இந்த ஆகாசப் பேச்சுன்னு பின்னால உக்காந்திருக்கிற தோழர் நினைக்கிறது தெரியுது. ஆகாசத்தில் கிளம்பினாலும் நான் இறங்கப் போவது நம்ம தெருவில்தான். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நான் சொல்லும் நாகரிகம் முப்புரம். வடமொழியில் திரிபுரம். மகாபாரதத்தில் கர்ண பருவத்தில் இந்தக் கதை வருகிறது. தாரகாசுரனின் பிள்ளைகள் மூன்று பேர்: தாரகாட்சன், கமலாட்சன், வித்யுன்மாலி. தவமிருந்து பிரம்மனிடம் சாகாவரம் கேட்கிறார்கள். அது யாருக்கும் கிடையாது என்கிறான் பிரம்மன். அப்படியானால் எங்களுக்கு மூன்று நடமாடும் ஊர்கள் வேண்டும்; ஆயிரம் வருஷத்துக்கு ஒருமுறை அவை ஒன்றுசேரும்; சேருகிற அந்த நேரத்தில் ஒரே அம்பால் மூன்றையும் துளைக்கிறவன் எவனோ அவன் கையால் மட்டுமே எங்களுக்குச் சாவு என்று கேட்டு வாங்குகிறார்கள். மயன் கட்டித் தருகிறான். தங்க ஊர் வானுலகத்தில். வெள்ளி ஊர் நடுவானில். இரும்பு ஊர் கீழே பூமியில். ஒவ்வொன்றும் நூறு யோசனை நீளம், நூறு யோசனை அகலம். மூன்றும் சுழன்றுகொண்டே இருக்கும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பறக்கும் ஊர் நிஜமாகவே இருந்தது, அது நம்ம பாட்டன் பூட்டன் ஊர் என்று சொல்ல நான் வரவில்லை. அந்த வேலையைப் பார்க்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். 2015 ஜனவரியில் மும்பையில் இந்திய அறிவியல் மாநாடு நடந்தது. பழங்காலத்திலேயே இங்கே விமானம் பறந்தது என்று அங்கே ஒருவர் கட்டுரை வாசித்தார். அதே ஜனவரியில்தான் நம்ம தேவாரம் பக்கத்துப் பொட்டிபுரம் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் கட்ட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கம், மலைக்கு உள்ளே 50,000 டன் இரும்பு, அதில் ஆகாயத்திலிருந்து வரும் துகளைப் பிடிப்பது என்பது திட்டம். மலை போகுமா, தண்ணி போகுமா, ஆடு மாடு எங்க மேயும்னு ஊர்ச்சனம் கேட்டது. 2022-இல் தமிழ்நாடு அரசே உச்ச நீதிமன்றத்தில் அனுமதிக்க முடியாது என்று சொல்லிவிட்டது. நியூட்ரினோ நல்லதா கெட்டதா என்பது இன்னொரு கூட்டத்துக்கான பேச்சு. ஆகாயத்தைப் பற்றிய கேள்வி ஏற்கெனவே நம்ம கரட்டடிக்கு வந்துவிட்டது. ஆகவே ஆகாயத்தைப் பற்றிப் பேச நமக்கும் பாத்தியதை உண்டு. அதுக்காகத்தான் இதைச் சொன்னேன்.

புராணத்தை நம்புவது ஒரு வேலை. புராணத்தை மறுவாசிப்புச் செய்வது வேறொரு வேலை. ஜோதிராவ் பூலே 1873-இல் 'குலாம்கிரி' எழுதியபோது அவதாரக் கதைகளைத் தோற்றவர்களின் பக்கமிருந்து படித்தார். 1907-இல் பத்திரிகை தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் ஒவ்வொரு பண்டிகைக்கும் ஒவ்வொரு கதைக்கும் அடியில் புதைந்துகிடக்கும் பௌத்தம் எது என்று தேடினார். அவர்கள் போட்ட பாதையில்தான் நானும் கொஞ்ச தூரம் நடந்து பார்க்கிறேன்.

இந்தக் கதையை யார் யாருக்குச் சொன்னார்கள் என்று பாருங்கள். பாரதப் போரின் கடைசிக் கட்டம். கர்ணனுக்குத் தேரோட்டச் சொல்லி துரியோதனன் சல்லியனைக் கேட்கிறான். சல்லியனுக்குக் கோபம் வருகிறது. நான் முடிசூடிய அரசன், ஒரு சூதன் மகனுக்கு நான் தேரோட்டுவதா என்கிறான். அவனைச் சமாதானப்படுத்தத்தான் துரியோதனன் முப்புரக் கதையை எடுக்கிறான். முப்புரத்தை எரிக்கப் போன சிவனுக்கு பிரம்மனே தேரோட்டினான், ஓட்டுகிறவன் உயர்ந்தவனாக இருந்தால் அதில் இழிவில்லை என்பது வாதம். ஒரு சாதிமான் மனசு நோகக் கூடாது என்பதற்காக மூன்று ஊர் எரிந்த கதை அங்கே ஆறுதலாகச் சொல்லப்படுகிறது. எரிந்தவர்களைப் பற்றி அந்த இடத்தில் யாருக்கும் கவலை இல்லை. மச்ச புராணத்தில் மட்டும் எரிகிற ஊரின் பெண்கள் நெருப்பைப் பார்த்துக் கெஞ்சுகிறார்கள். வெண்மணியில் 1968 டிசம்பர் 25 ராத்திரி ஒரே குடிசைக்குள் 44 பேரைக் கொளுத்திய இந்த மண்ணில், அந்தப் பகுதியைப் புராணம் என்று ஒதுக்கி வைத்துவிட்டுப் படிக்க என்னால் முடியவில்லை.

சிவ புராணத்திலும் லிங்க புராணத்திலும் கதைக்கு இன்னொரு சரடு இருக்கிறது. முப்புரத்து மக்கள் ஒழுங்காக வைதீகத்தில் நிற்பதால் அவர்களை அழிக்க முடியவில்லையாம். ஆகவே விஷ்ணு ஒரு மொட்டைத்தலைத் துறவியை உண்டாக்கி அனுப்புகிறான். சமணமா பௌத்தமா என்று பிரிக்க முடியாத உருவம். அவர் போய் உயிர்க்கொலை வேண்டாம், வேள்வி வேண்டாம் என்கிறார். சிவ புராணத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், நாலு வருணமும் ஓர் உடம்பிலிருந்து வந்தவை என்றால் அவற்றுக்குள் பேதம் எங்கிருந்து வந்தது என்றும் கேட்கிறார். முப்புரத்து மக்கள் அதைக் கேட்டு மனம் மாறுகிறார்கள். அதற்கப்புறம்தான் சிவன் வில்லை எடுக்கிறான். சாதிக்கு எதிரான ஆகச்சிறந்த கேள்வியை ஏமாற்றுக்காரன் வாயில் வைத்துச் சொல்கிறது புராணம். அதைக் கேட்டு ஒப்புக்கொண்டதுதான் எரிபட்டவர்களின் குற்றம் என்றும் அதுவே எழுதி வைத்திருக்கிறது.

கிணற்றுக் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாகவதத்தில் மயன் ஓர் அமுதக் கிணறு செய்கிறான். போரில் செத்தவர்களை அதில் போட்டால் எழுந்து வருவார்கள். விஷ்ணு பசுவாகவும் பிரம்மன் கன்றாகவும் வந்து அந்தக் கிணற்றையே குடித்து வற்ற வைக்கிறார்கள். காவலுக்கு நின்றவர்கள் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள். 1927-இல் மகாடு குளத்தில் பாபாசாகேப் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்ததும், அந்தக் குளத்தைச் சாணி, கோமியம், பால், தயிர் ஊற்றித்தான் தீட்டுக் கழித்தார்கள். கிணறும் பசுவும் நம் வரலாற்றில் எங்கெங்கே சந்தித்துக்கொள்கின்றன என்று ஒரு மாணவர் ஆராய்ச்சியே செய்யலாம்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். இந்த நாகரிகம் வேறு எப்படி ஆகியிருக்கலாம்?

முதல் பதில் எல்லோருக்கும் உடனே தோன்றுவது. அசுரர்கள் ஜெயித்திருக்க வேண்டும். அம்பு குறிதவறி, தேவலோகத்தை முப்புரத்தான் ஆண்டிருக்க வேண்டும். கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. நானே இருபது வயசில் இப்படிக் கவிதை எழுதியிருக்கிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். தங்க ஊரில் இருப்பவன் இன்னும் உயரப் போய் இந்திரன் நாற்காலியில் உட்காருவான். இரும்பு ஊரில் இருக்கிறவன் எங்கே இருப்பான்? இரும்பு ஊரில்தான். மயன் கட்டினான் என்று புராணம் சொல்கிறது. அவ்வளவு இரும்பை வெட்டி உருக்கினது யாரு? நூறு யோசனை அகல ஊருக்குக் கக்கூஸ் எங்கே, அதை அள்ளினது யாரு? அசுரனின் வெற்றியைப் பாடுகிற நம்ம கவிதைகளும் இதைக் கேட்பதில்லை.

இரண்டாவது பதில்: தப்பித்துப் போவது. அம்பு எட்டாத தூரத்துக்கு, வேறு நட்சத்திரத்துக்குப் போயிருக்கலாம். நம்ம சனம் இதைச் செய்து பார்த்திருக்கிறது. கொடியங்குளத்துக்காரர்கள் வளைகுடா நாடுகளுக்குப் போய்ச் சம்பாதித்துக் கல்வீடு கட்டினார்கள். 1995 ஆகஸ்ட் 31 அன்று போலீஸ் படை அந்த ஊருக்குள் இறங்கியது. டிவி, மின்விசிறியிலிருந்து பாஸ்போர்ட், படிப்புச் சான்றிதழ் வரை நாசம் பண்ணினார்கள். ஊர்க் கிணற்றில் நஞ்சு கலந்தார்கள் என்று மக்கள் சாட்சி சொன்னார்கள். தருமபுரிப் பக்கம் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி என்று மூன்று ஊர். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய் வேலை பார்த்து வீடு கட்டினவர்கள். 2012 நவம்பர் 7 அன்று ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைச் சாக்காக வைத்து 200-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கொளுத்தினார்கள். எண்ணிப் பாருங்கள், மூன்று ஊர். 1989 போடி கலவரத்தைப் பார்த்தவர்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். நாம் எவ்வளவு உயரம் பறந்துவிட்டு வந்தாலும் வீடு தரையில்தான் இருக்கிறது, நெருப்பு அங்கே வருகிறது.

சரி, வீட்டையே தூக்கிக்கொண்டு போய்விட்டால்? 2023 பிப்ரவரியில் அமெரிக்காவில் சியாட்டில் நகரமன்றம் சாதிப் பாகுபாட்டுக்குத் தடைச் சட்டம் போட வேண்டி வந்தது. நாலு தலைமுறைக்கு அப்புறம் செவ்வாய்க் கிரகத்தில் குடியேறினாலும், அங்கே காற்றடைத்த கூண்டில் எந்த அறை யாருக்கு என்று கேட்க ஆள் இருக்கும். அதில் நம்ம ஆளும் இருப்பான் என்பதுதான் என் பயம். அதனால்தான் மூன்றாவது பதிலைத் தேட வேண்டியிருக்கிறது.

நான் பேங்க்கில் கணக்கெழுதுகிறவன். கடன் பத்திரத்தில் முதல் பக்கத்தை எல்லோரும் படிப்பார்கள். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனையை யாரும் படிப்பதில்லை. தவணை தவறும்போதுதான் அது கண்ணுக்குத் தெரியும். வரம் என்பதும் கடன் பத்திரம்தான். முப்புரத்தாரின் வரத்தில் பொடி எழுத்து என்ன? நீங்கள் பிரிந்திருக்கும்வரை உங்களை யாரும் ஒன்றும் செய்ய முடியாது, சேருகிற அன்றைக்குச் சாவு. இதைவிடக் கச்சிதமாகச் சாதியை யாராலும் விளக்க முடியாது. அவனவன் உயரத்தில் அவனவன் சுற்று, பத்திரமாக இருப்பாய் என்கிறது சாதி. அதில் இன்னொரு கொடுமை, அந்த நிபந்தனையை எழுதிக் கொடுத்தவர்கள் முப்புரத்தாரே.

அம்பு ஏன் தவறாமல் பட்டது? சிவனுக்கு வில்வித்தை தெரியும் என்பதால் மட்டும் இல்லை. வெவ்வேறு உயரத்தில் வெவ்வேறு வேகத்தில் சுற்றுகிற மூன்று பொருள்கள் எப்போது ஒரே கோட்டில் வரும் என்பது கணக்கு. கிரகணம் குறிக்கிற பஞ்சாங்கக்காரனுக்கு அது பெரிய வேலை இல்லை. பூச நட்சத்திரத்தில் சேரும் என்று மச்ச புராணம் நாளே குறித்துவிடுகிறது. தேதி எதிரிக்குத் தெரியும். ஆயிரம் வருஷத்துக்கு ஒருநாள் சேருகிறவர்களை அந்த ஒருநாள் காத்திருந்து அடிக்கலாம். தினமும் சேருகிறவர்களை எந்த நாள் பார்த்து அடிப்பது? சேர்ந்தவர்கள் பிரிந்து மூன்றாக நிற்கவே இல்லை என்றால், ஒரே அம்பு மூன்றைத் துளைக்கும் என்ற நிபந்தனையே செல்லாது. துளைக்க மூன்று இல்லையே!

நான் காண்கிற வேறு எதிர்காலம் இதுதான். மொட்டைத்தலைத் துறவி வந்து கேட்ட கேள்வியை முப்புரத்தார் காதால் கேட்டார்கள், வாயால் ஒப்புக்கொண்டார்கள், ஊரை மாற்றிக் கட்டவில்லை. வருணம் பொய் என்று சொல்லிக்கொண்டே தங்கத்தான் மேலேயும் இரும்பான் கீழேயும் சுற்றினார்கள். மாற்றிக் கட்டியிருந்தால்? தங்கத்தையும் வெள்ளியையும் இரும்பையும் ஒரே உலையில் போட்டு ஒரே ஊராக வார்த்திருந்தால்? மேல் ஊர்ப் பெண்ணும் கீழ் ஊர்ப் பையனும் கல்யாணம் பண்ணி, பிறந்த பிள்ளைக்கு எந்த ஊர் என்று கேட்க ஊரே இல்லாமல் போயிருந்தால்? அமுதக் கிணற்றுக்குக் காவல் போட்டதால் காவல்காரன் அசந்த நேரத்தில் பசு குடித்துவிட்டுப் போனது. எல்லோரும் வாளியோடு நிற்கிற கிணற்றில் மாடு இறங்க முடியுமா? அந்த ஊர் ஆயிரம் வருஷத்தைத் தாண்டியிருக்கும். ஒரு மன்னன் மகன் பேரில் கதை வராமல், நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் போய் அங்கே உலை மூட்டிய கொல்லர்கள் பேரிலும் கிணறு தோண்டியவர்கள் பேரிலும் கதை வந்திருக்கும். அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் யாரைப் பார்த்தும் எழுந்து நிற்க மாட்டார்கள்.

எரிந்த பிறகு என்ன ஆனது என்பதையும் பார்க்க வேண்டும். சுந்தரர் திருப்புன்கூர்ப் பதிகத்தில் ஒரு தகவல் தருகிறார். முப்புரம் எரிந்தபோது மூன்று பேர் பிழைத்தார்கள். அதில் இரண்டு பேரைச் சிவன் தன் கோயில் வாசலுக்குக் காவல் வைத்தான். மூன்றாவது ஆளை, தான் சுடுகாட்டில் ஆடும்போது முழவு அடிக்கச் சொன்னான். விண்வெளியில் ஊர் கட்டி ஆண்டவர்களில் மிஞ்சினவர்களுக்குக் கிடைத்த உத்தியோகம் வாசல் காவலும் சுடுகாட்டு மேளமும். பதிகத்தில் இது கருணை என்று பாடப்படுகிறது. அதே திருப்புன்கூர் வாசலில்தான் நந்தனார் வெளியே நின்றார், நந்தி கொஞ்சம் விலகியது என்று பெரியபுராணம் சொல்லும். உள்ளே விட்டதாக இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனால் உட்சுற்றில் திரிபுராந்தகர் ஓவியம் இருக்கிறது. அதே கோயிலின் ராஜராஜன் கல்வெட்டில் தீண்டாச்சேரி, பறைச்சேரி என்ற சொற்கள் இருக்கின்றன. எரித்ததை உள்ளே வரைந்தார்கள், எரிந்தவனின் இடத்தை வெளியே கல்லில் வெட்டினார்கள் என்றுதான் எனக்குப் படிக்கத் தோன்றுகிறது.

ஆக்டேவியா பட்லர் என்று ஒரு கருப்பினப் பெண் எழுத்தாளர். அப்பா செருப்புக்குப் பாலிஷ் போட்டவர், அம்மா வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை செய்தவர். 1993-இல் அவர் எழுதிய நாவல் 'பேரபிள் ஆஃப் தி சோவர்'. கதை நடப்பது 2024-இல் தொடங்கி. சுவர் எழுப்பிப் பத்திரமாக இருந்த ஒரு குடியிருப்பு எரிகிறது. பிழைத்த ஓர் இளம்பெண் வடக்கே நடக்கிறாள். வழியில் வெள்ளையர், கருப்பர், அடிமைத்தளையிலிருந்து தப்பியவர் என்று யார் யாரோ சேருகிறார்கள். மனிதகுலம் நட்சத்திரங்களில் வேர்விட வேண்டும் என்பது அவளுடைய நம்பிக்கை. அதற்கு அவள் முதலில் செய்வது ராக்கெட் கட்டுவது அல்ல. வழியில் சேர்ந்தவர்களோடு ஒரே இடத்தில் குடியேறி விதை போடுகிறாள். நம்ம கதையில் பிழைத்த மூன்று பேரும் அப்படிக் கிளம்பியிருக்கலாமே? முழவு கையில் இருந்தது. முழவு சத்தம் ரொம்ப தூரம் கேட்கும். எரிந்த ஊர்களில் மிஞ்சினவர்களைக் கூப்பிட அது போதும்.

இப்போது தெருவுக்கு வருகிறேன். கோபப்படாமல் கேட்க வேண்டும்.

நமக்குள்ளே மூன்று ஊர் இருக்கிறதா இல்லையா? பள்ளர், பறையர், அருந்ததியர். எது தங்கம் எது வெள்ளி என்று நமக்குள் சண்டை நடக்கிறது. எது இரும்பு என்பதில் மட்டும் சண்டையே இல்லை. விடியறதுக்கு முன்னால கம்பமெட்டு ஏறுற ஜீப்பில் எல்லா தெரு அக்காமாரும் நெருக்கியடிச்சு உக்காந்து ஏலத்தோட்டத்துக்குப் போறாங்க. சாயங்காலம் இறங்கினதும் மூணு தெருவா பிரிஞ்சு போறாங்க. சாக்கடைக்குள் இறங்குறவர் எந்தத் தெரு என்று உங்களுக்கே தெரியும். 2009-இல் தமிழ்நாட்டில் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, இப்படிப் பிரித்துக் கொடுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. அப்போது நம்மிலேயே எத்தனை பேர், இது நம்மைப் பிரிக்கிற சூழ்ச்சி என்று பேசினோம்? ஏற்கெனவே மூன்று உயரத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறவர்களைப் புதிதாக யார் பிரிப்பது? இரும்பு ஊர்க்காரன் ஒரு படி கேட்டால் அது பிளவு. நாம் மேலே இருந்துகொண்டு ஒற்றுமை என்று கூப்பிட்டால் அது விடுதலை அரசியலா? படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் விளக்கியது ஊருக்கும் சேரிக்கும் நடுவில் உள்ளதை மட்டும் அல்ல.

நாம் சேருவது எப்போது? கலவரம் நடந்தால் கண்டன ஊர்வலத்தில் சேருகிறோம். ஏப்ரல் 14 சேருகிறோம், டிசம்பர் 6 சேருகிறோம். எல்லாம் தேதி குறித்த கூடல். பஞ்சாங்கத்தில் இருக்கிற கூடல். அடிக்க நினைக்கிறவனுக்கும் அந்தத் தேதி தெரியும், உளவுத்துறைக்கும் தெரியும். மறுநாள் அவரவர் சுற்றுக்குத் திரும்பிவிடுகிறோம். முப்புரம் மாதிரி.

ஆகவே பெரிய தீர்மானம் எதுவும் நான் முன்மொழியவில்லை. மூன்று சின்ன விஷயம். அடுத்த கூட்டத்தை இந்த மாதிரி மண்டபத்தில் வைக்க வேண்டாம், அருந்ததியர் தெருவில் வைப்போம். அங்கே அவர்கள் பேசட்டும், உள் ஒதுக்கீட்டைப் பற்றியே பேசட்டும், நாம் பதில் சொல்லாமல் உட்கார்ந்து கேட்போம். கூட்டம் முடிந்ததும் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவோம். பார்சல் வாங்கி வந்து சாப்பிடுவது கணக்கில் சேராது. மூன்றாவது, மாணவர்களுக்கு: தம்பி, தங்கச்சி, உங்களில் யாராவது மூன்று தெருவுக்குக் குறுக்கே கல்யாணம் பண்ண நினைத்தால், உங்க அப்பா அம்மாவிடம் பேச முதல் ஆளாக நான் வருகிறேன். உங்க அப்பா இந்த இயக்கத்தின் பொறுப்பாளராக இருந்தாலும் வருகிறேன். அப்படி இருந்தால் இன்னும் சீக்கிரம் வருகிறேன்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். பின்னால உக்காந்திருக்கிற தோழர் முதல்ல கேக்கட்டும்.